கசிவில்லாத குழாய்

அடுப்புக்குப் போகும் வாயுக் குழாயின் கடைசி இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாள் அனுசியா. ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. கசிவு எங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

மூன்று மாதமாகக் கண்மாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் பிடுங்கிச் சுமந்து வருகிறாள். நறுக்கி, சாணியோடு கரைத்து எரிவாயுத் தொட்டியில் ஊற்றுகிறாள். விடியும்போது வாயுப் பலூன் உப்பி நிற்கும்; அவள் உலை வைக்கப் போகும்போது சூம்பிக் கிடக்கும். ஒரு டீ கொதிப்பதற்குள் தீ அணைந்துவிடும்.

"தாமரைக்காரி வீட்டுல இன்னைக்கும் பட்டினியான்னு டீக்கடையில கேக்குறாய்ங்க," என்றான் அவள் கணவன் பாண்டீஸ்வரன். "போதும். வண்டிக்குச் சொல்லிட்டேன். தொட்டியக் குடுத்த ஆபீசுக்காரவுககிட்டயே திருப்பிக் குடுத்துருவோம்."

"ஊர்லயே மொதத் தொட்டி நம்மளுது. இது எரியலைன்னா இனிமே எவ கண்மாயில எறங்குவா?"

"நீ எறங்குனதுக்கு என்னத்தக் கண்ட? காலெல்லாம் அரிப்புதான்."

அனுசியா சோப்பு நுரைக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி ஒருத்திதான் ஆரம்பத்திலிருந்து அனுசியா பக்கம். அவள் புருஷன் செல்வக்குமார் அருப்புக்கோட்டையில் பைப் வேலை பார்ப்பவன். கூலிகூட வாங்காமல், அனுசியா கண்மாயிலிருந்து திரும்புவதற்குள் இந்தக் குழாயைப் பதித்து முடித்தவன்.

வண்டி வரப்போகிற சேதி கேட்டு ராஜேஸ்வரி ஓடி வந்தாள். "அவசரப்படாத அனுசியா. இன்னும் ரெண்டு கூடை சேத்துப் போட்டுப் பாரு."

"நேத்தே நாலு கூடை போட்டேன் மதினி. கண்மாயையே அள்ளிக் கொட்டுனாலும் இது எரியாது."

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. அனுசியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலூன் வாயிலிருந்த வால்வைப் பிடித்தாள்.

"ஏத்தா, இப்பவே எதுக்கு மூடுற? வண்டி வாசலுக்கு வரட்டுமே," என்று ராஜேஸ்வரி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வந்தா என்ன, வராட்டி என்ன." அனுசியா கையை உதறிவிட்டு ஒரே திருகாகத் திருகி மூடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், ராஜேஸ்வரி வீட்டு அடுப்படியிலிருந்து செல்வக்குமாரின் குரல் வந்தது.

"ராஜி, அனுசியா வால்வ மூடிருச்சா? நம்ம அடுப்பு அணைஞ்சு போச்சு."