ஆன்சாக் தினம் வரை

"கோரல், நான் இல்லாத நேரத்துல ஹீட்டர் பக்கம் உன் கை போச்சுன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே நெவில் எச்சரித்தார். சமையலறையில் இரண்டு ஸ்வெட்டருக்குள் புதைந்தபடி, சூடான டீக் கோப்பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் கோரல்.

"மலையில பனி விழுந்தாச்சு, நெவில். இன்னும் பத்து நாள் எப்படித் தாங்கறது?"

"ஏப்ரல் இருபத்தஞ்சு, ஆன்சாக் தினம். அதுக்கு முன்னாடி போடக்கூடாது. எங்கப்பா போட்டதில்லை, நானும் போட்டதில்லை. குளிர்னா இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ."

"இன்னொண்ணு போட்டா கையை மடக்க முடியாது. அப்புறம் உனக்கு யார் டீ போடுவா?"

நெவில் கதவைத் திறந்தார். "ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வர்றேன். பத்து மணிக்குத்தான் திரும்புவேன். சரியாப் பத்து!" என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரலிலேயே குளிர் தொடங்கிவிடும் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், போர்வீரர்களின் நினைவு நாளான ஆன்சாக் தினத்துக்கு முன் ஹீட்டர் போடக்கூடாது என்ற இந்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் தெருவில் கொலைக்குக்கூட மன்னிப்பு கிடைக்கும், ஏப்ரல் நடுவில் ஹீட்டர் போட்டவனுக்குக் கிடைக்காது. போன வருடம் எதிர்வீட்டு ராட்னி அப்படி மாட்டிக்கொண்டார். இன்றுவரை தெருவே அவரை "வெந்நீர்ப் பை" என்றுதான் கூப்பிடுகிறது. அந்தப் பெயரைச் சூட்டிய சட்டாம்பிள்ளை வேறு யாருமில்லை, நெவில்தான்.

வாசல் கேட் சாத்தப்படும் சத்தம் கேட்டதும் கோரல் எழுந்து ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

ஒரு வாரமாக இந்தத் திருட்டு வேலை நடக்கிறது. தரையில் இருந்த துவாரம் வழியாகச் சூடான காற்று வந்ததுமே பூனை அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் நாள் தூசி கருகிய வாடை வீடு முழுக்க அடித்தது. கோரலுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, உள்ளே நுழைந்த நெவில், "என்ன, டோஸ்ட்டைக் கருக்கிட்டியா?" என்று அவராகவே கேட்டார். அவளும் ஆமாம் என்று தலையாட்டித் தப்பித்தாள்.

கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஊரையே கேலி செய்தவருக்கு வீட்டிலேயே துரோகம்! மனிதர் வெளியே தலைகாட்ட முடியுமா?

பத்து மணிக்குச் சற்று முன்னால் ஹீட்டரை அணைத்தாள். வாசலில் நெவில் வழக்கம்போல் பலமாக இருமி, சாவிக்கொத்தைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். இன்று அவர் தனியாக வரவில்லை. கூடவே பக்கத்து வீட்டு கிளிஃபும் டீ குடிக்க வந்திருந்தார்.

"அடேயப்பா! என்னப்பா நெவில், வீடு இப்படிக் கதகதன்னு இருக்கு?" என்றபடி கிளிஃப் பூனையின் பக்கம் நகர்ந்தார். துவாரத்தில் இன்னும் சூடு இருக்கும்.

நெவில் குறுக்கே பாய்ந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அங்க என்ன இருக்கு? இந்த ஜன்னலைப் பாரு. வடக்குப் பார்த்த வீடு. நம்ம ஊர்ல வெயில் வடக்கேருந்துதானே வரும், உள்ளே வந்தா அப்படியே தங்கிடும்!"

ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாக நிற்காத மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்து ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"இதைத்தான் நான் பெரில்கிட்ட சொல்றேன்" என்றார் கிளிஃப். "நேத்துகூட, ஹீட்டர் போடட்டுமான்னு கேட்டா. நெவில் வீட்டுல போடாம ஜம்முனு இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு கேட்டேன். கப்சிப்!"

கோரலுக்குச் சுருக்கென்றது. கிளிஃபின் மனைவி பெரில் நெஞ்சுச் சளியில் படுத்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். தன் திருட்டுச் சூட்டை உதாரணம் காட்டி அந்தப் பாவப்பட்ட பெண்ணை நடுங்க வைக்கிறார்களே! தப்பு, மகா தப்பு.

கிளிஃப் டீயைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போனதும் அவள் கதவைச் சாத்தினாள்.

"நெவில், நீ எவ்வளவு திட்டினாலும் சரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும். தினமும் நீ அந்தப் பக்கம் போனதும் நான்..."

"சொல்லாதே!" நெவில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இல்லை, நான் ஹீட்..."

"சொல்லித் தொலைக்காதே, கோரல்! நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சா நான் உன்னைத் தடுக்கணும். தடுத்தா நாளைக்கு ரெண்டு பேரும் விறைச்சுப் போகணும். இந்த முட்டி வலியோட மழையில நான் எதுக்கு நடையா நடக்கறேன்னு நினைச்சே?"

கோரல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு திடுக்கிட்டு எழுந்தாள். "நம்ம கதை இருக்கட்டும். பெரில் அங்க குளிர்ல சாகறாளே! கிளிஃப்கிட்ட போய் உண்மையைச் சொல்லு!"

நெவில் கழற்றாத மழைக்கோட்டின் பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார்.

"அவன் வாசல்ல எனக்காகத்தான் நிக்கறான். அவனும் பெரிலைத் தனியா விட்டுட்டுத்தான் என்கூட நடக்கறான். இன்னொரு நடை போயாகணும். அவன் வீடு நம்ம வீட்டைவிடப் பெரிசு, ஒரு நடைக்கெல்லாம் சூடாகாது!"