கட்டிவைத்த பை

அறைக்குள் ராஜினி பையில் உடுப்பு அடைப்பது குசினி அடுப்படியிலிருந்த மாமியார் கமலாசனிக்குக் கேட்டது. அவளுடைய கை வீங்கி வலித்தது. லேசில் கிடைக்காத மண்ணெண்ணெயில் அரைப் போத்தலைத் தட்டிக் கொட்டியதற்கு நேற்று வாங்கிய அடி.

“இனி ஒரே வீட்டில சரிவராது” என்றாள் ராஜினி.

கமலாசனி வீங்கிய கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கண்டாவளையில் இருக்கும் இந்த வீடு மருமகளின் சீதனம். போ என்றால் போகத்தான் வேண்டும்.

முற்றத்தில் மகன் சிவகரன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“அம்மாவை மாங்குளத்துச் சின்னம்மா வீட்டை கொண்டுபோய் விடட்டோ?” என்றான்.

ராஜினி பையைக் கொண்டுவந்து சைக்கிள் கரியரில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

“இது உங்கட உடுப்பு. மாமி இஞ்சதான் இருப்பா.”

“என்ன கதை இது?”

“கிணத்தடியில வழுக்கி விழுந்தனான் எண்டு மாமி என்னட்டப் பொய் சொன்னவா. வழுக்கி விழுந்த கையில உங்கட விரலடையாளம் எப்பிடி வந்தது?”

சிவகரன் குசினிப் பக்கம் திரும்பினான். “அம்மா, நீங்களெண்டாலும் சொல்லுங்கோ!”

கமலாசனி எழும்பி வந்தாள். மகனைக் கடந்து நேரே போய், வீங்கிய கையாலேயே வாசல் படலையை அகலத் திறந்துவிட்டாள்.