குத்பாவில் ஒரு பெயர்

அந்த ஊரில் ஆட்சி யாருடையது என்பதை வெள்ளிக்கிழமைதான் சொல்லும். ஜும்ஆ தொழுகையின் குத்பா உரை முடிவில் யார் பெயரைச் சொல்லி இறைவனிடம் துஆ கேட்கிறார்களோ அவரே ஊரை ஆளும் அமீர். ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த ஸுமைர் குலத்தின் முதல் அமீருக்கு மிம்பர் மேடையில் நின்று துஆ கேட்டவர், இப்போது குத்பா ஓதும் கதீப் உபைதின் தாத்தா. இன்று அதே படிகளில் உபைத் நின்றார். முந்தின நாள்தான் எதிரிப் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். வென்றவரின் தளபதி தூணோரம் நின்று, புதிய பெயர் காதில் விழக் காத்திருந்தான். நேற்றுவரை அந்தக் குலத்து அமீராக இருந்த முக்பில், காவலர் யாருமின்றி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

உபைத் கண்ணை மூடிக் கையேந்தினார். விடிந்ததிலிருந்து புதிய பெயரை முணுமுணுத்துப் பழகியிருந்தும், நாக்கு தன் பாட்டுக்கு, “எங்கள் அமீர் முக்பிலுக்கு நீண்ட ஆயுளைக் கொடு” என்றது. பள்ளிவாசல் முழுவதும் பழக்கத்தில் “ஆமீன்” என்றது. பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. தளபதியின் கை வாளுக்குப் போனது.

குத்பா நடக்கையில் யாரும் பேசக் கூடாது. முக்பில் பேசினார்.

“கதீபுக்கு வயசாயிடுச்சு. பேரை மாத்திச் சொல்லிட்டார்.” பிறகு மிம்பரைப் பார்த்து, “திருத்திச் சொல்லுங்க, நாங்க காத்திருக்கோம்” என்றார்.

உபைத் திருத்திச் சொன்னார். பள்ளியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் ஆமீன் முன்வரிசையிலிருந்து வந்தது.