செப்டம்பர் வரவு

"பதினஞ்சு லட்சத்து நாப்பதாயிரம். ஒரு ரூவா இப்படி அப்படி அசையல" என்று விசா ஏஜெண்ட் வோஹ்ரா வங்கிக் கணக்குத் தாளைக் கேமராவில் ஒட்டிவிடுவதுபோல் காட்டினார்.

பஞ்சாபில், மோகாவில் சாயங்காலம் ஆறரை மணி. பிராம்ப்டனில் எனக்குக் காலை எட்டு. கிடங்கில் ராத்திரி வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றிருந்தேன்.

வோஹ்ராவின் மேசையைச் சுற்றி என் புருஷன் பல்கரன், மாமனார், மாமியார். மூன்று முகங்களும் ஒரே சதுரத்துக்குள் இடித்துக்கொண்டிருந்தன.

கனடாவில் படிக்கும் மாணவியின் கணவன் என்று சொல்லி, இங்கே வந்து வேலை பார்க்க பல்கரன் அனுமதி கேட்கிறான். நாளைக் காலை கோப்பு போகிறது.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள்.

கனடா போக எழுதும் ஆங்கிலப் பரீட்சையில் எனக்கு ஏழு, அவனுக்கு ஐந்து. அவர்களுக்கு நிலம் இருந்தது, எங்களுக்கு இல்லை. எங்கள் பக்கம் இப்போது பொருத்தம் பார்ப்பது இப்படித்தான். மாமனார் ஓர் ஏக்கரை விற்று டிக்கெட்டும் இரண்டு வருஷக் கட்டணமும் கொடுத்து என்னை அனுப்பினார்.

"கல்யாண போட்டோ நாப்பது வெச்சிருக்கேன்" என்றார் வோஹ்ரா. "ஒண்ணுலயாவது மாப்பிள்ளை சிரிச்சிருக்கலாம்."

"வெக்கப்பட்டான்" என்றாள் மாமியார்.

"விசா ஆபீசருக்கு வெக்கம்னு எழுதவா?"

பிறகு அவர் ஒரு பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பேனா நின்றது.

"இனி ரெண்டே ரெண்டு தாள்தான். ரெண்டும் நீங்க அனுப்பணும் தங்கச்சி. ஒண்ணு, இந்த செமஸ்டர் படிச்சிட்டிருக்கீங்கன்னு காலேஜ் குடுக்கற கடிதாசு. அது இல்லாம அனுப்பினா திரும்பித்தான் வரும்."

கையுறையைக் கழற்றினேன். மறுபடி போட்டுக்கொண்டேன்.

ஜனவரியில் கல்லூரி என் பெயரை நீக்கிவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாது. பகலில் படிக்கிறேன், ராத்திரியில் வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பகலில் தூங்குகிறேன்.

"காலேஜ் ஆபீஸ்ல கேக்கணும்" என்றேன்.

"இன்னைக்கே கேளு" என்றாள் மாமியார். "ஊர்த் தலைவர் வீட்டு மருமவ தெரியுமில்ல? போய் ஆறே மாசம். புருஷன் நம்பரையே பிளாக் பண்ணிட்டா. முப்பது லட்சம் போச்சு! நீ அப்படி எதாச்சும் பண்ணின, அங்க வந்து சடையைப் புடிச்சு இழுத்துட்டு வருவேன்."

"உனக்கு விசா எவன் குடுப்பான்?" என்றார் மாமனார்.

எல்லோரும் சிரித்தார்கள். பல்கரன் சிரிக்கவில்லை.

"கடிதாசு எப்ப வரும்?" என்று கேட்டான். "பால் பண்ணையில வேலையை விட்டுட்டேன்."

"வந்துரும்" என்றேன்.

என் பஸ் ஒன்று வந்து, நின்று, போனது.

"இன்னொண்ணு சின்ன விஷயம்" என்றார் வோஹ்ரா. "கணக்குல பாக்கியெல்லாம் நிலம் வித்ததுல மிஞ்சினது, பத்திரம் இருக்கு. செப்டம்பர்ல மட்டும் நாலு லட்சத்து எண்பத்தேழாயிரம், ஒரே நாள்ல, உங்க பேர்லேருந்து வந்திருக்கு. ஆபீசர் அங்கதான் விரலை வைப்பான். அந்தப் பணம் ஏதுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

மாமனார் போனைப் பிடுங்கிக்கொண்டார். சதுரம் முழுக்க அவர் தாடி.

"நான் சொல்றேன், எழுதிக்கங்க சார். எம் மருமவ சம்பாதிச்சது! அஞ்சு லட்சம் துண்டு விழுதுன்னீங்களே, டிராக்டரை விக்க ஆளைக் கூட்டியாந்துட்டேன். அவன் டயரை உதைச்சுப் பாத்துட்டிருக்கான், இவ போன் பண்றா. 'விக்காதீங்க பாப்பாஜி, நான் சேத்து வெச்சிருக்கேன், கணக்குல போட்டுக் காட்டுங்க'ங்கறா. எந்த மருமவ சொல்லுவா?"

வோஹ்ரா தலையை ஆட்டினார்.

"அதுலேருந்து ஒரு ரூவா தொட்டதில்ல மவளே. இவன் பைக்குக்குக் கேட்டான். கையை ஒடிச்சுருவேன்னேன். தொகை குறைஞ்சா கடன் வாங்கிக் காட்டினதுன்னு சொல்லிருவானாம்ல ஆபீசர்."

"சரி பாப்பாஜி."

"நல்லா சாப்பிடு. எளைச்சுட்ட. படிப்பு முக்கியம், வேலையைக் கொறைச்சுக்க."

"சரி பாப்பாஜி."

வோஹ்ராவின் குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது. "உள்ளதை எழுதுங்க தங்கச்சி, போதும்." சதுரம் அணைந்தது.

அந்தத் தொகையை டிசம்பருக்குள் மறுபடி சம்பாதித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அக்டோபரிலேயே கிடங்கில் வேலை நேரத்தைப் பாதியாக்கினார்கள். நவம்பரில் இரண்டு முறை மாமனாரைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் எருமை கன்று போட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே எழுதிப் பார்த்தேன். 'இது நான் வேலை செய்து சேர்த்த பணம்.' அழித்தேன்.

மறுபடி எழுதினேன். இந்த முறை ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது.

'இது ஜனவரி செமஸ்டருக்குக் கட்டச் சொல்லி என் மாமனார் எனக்குக் கொடுத்த பணம்.'