அவிழ்க்காத முடிச்சு

"பேஸ் கிளாஸ்ல கை வைக்கிறேன்."

அவள் எழுந்து நின்று சொன்னதும் தளம் முழுக்க விரல்கள் கீபோர்டை விட்டு விலகின.

அந்த ஆபீஸில் அதுதான் வழக்கம். அங்கே எழுதப்படும் மென்பொருள் எல்லாம் அவள் எழுதிய அந்த ஒரு கிளாஸிலிருந்துதான், அந்த அடிப்படை நிரலிலிருந்துதான், கிளை பிரியும். அதில் ஒரு வரியைத் தொட்டால் யாருடைய வேலை எங்கே கவிழும் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதனால் தொடுகிறவளும் அவள்தான்.

இன்றோடு அது முடிகிறது.

பேஸ் கிளாஸைச் சின்னச் சின்னதாகப் பிரித்துவிடு, அவரவர் யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ளட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பிரித்து முடித்ததும் அவளுக்கு பெஞ்ச். வேலை எதுவும் கொடுக்காமல் சும்மா உட்கார வைப்பார்கள். பெஞ்சுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

தன் குழியைத் தானே வெட்ட வேண்டும். அதையும் நேர்த்தியாக வெட்ட வேண்டும்.

வெட்டினாள்.

பிரித்தாள், பெயர் வைத்தாள், சோதனை ஓட்டினாள். எல்லாம் தேறியதாகத் திரை முழுக்கப் பச்சை.

ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

தேதியைக் கவனிக்கும் கிளாஸும் அனுமதி கொடுக்கும் கிளாஸும் உள்ளுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. வெளியே தெரியாது. நாளைக்கு யாராவது ஒன்றைத் தொட்டால் மற்றது படுத்துவிடும். அப்போது அவளைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

தப்புதான். ஆனால் அவளுக்கு இந்த வேலை வேண்டும்.

மதியம் மேனேஜர் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த மனுஷன். அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

பக்கத்து இருக்கை பஷீர் நாற்காலியோடு உருண்டு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, தேதி கிளாஸ்ல ஒரு முடிச்சை விட்டுட்டீங்க. அவசரத்துல கவனிக்கல போல. போற நேரத்துல உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேருன்னு நானே அவுத்துட்டேன். சார்கிட்ட மூச்சு விடல."



அவன் முகம் மலர்ந்திருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி.

"டெஸ்ட் ஓட்டிப் பாத்தியா?"

"பாஸ் ஆயிடுச்சுக்கா. இனிமே யார் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அவள் திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"வா," என்றாள். "டீ குடிக்கலாம்."