பொறுப்பில்லாத மேடம்

“மேடம், இனிமே நீங்க இங்க வர வேண்டாம்.”

சொன்னவர் தச்சர். சொன்ன வேகத்திலேயே மிரண்டுபோய், பக்கத்தில் நின்ற தையல்காரப் பெண்ணைப் பார்த்தார். பட்டறையில் அவருக்கு ‘வாயில்லாப்பூச்சி’ என்று பெயர். கூட்டம் நடந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவர்.

மேசைக்குப் பின்னால் இருந்த மேடம் நிமிர்ந்தார்.

“யாரைச் சொல்றீங்க? என்னையா?”

“உங்களைத்தான்,” என்றாள் தையல்காரப் பெண். “உங்க மேலாபீசுக்கும் எழுதிட்டோம். பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

சும்மா கிடந்த கிடங்கு அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் அதை எடுத்துப் பொதுப் பட்டறை ஆக்கியது. ஊரில் கிடைக்கும் பொருளை வைத்து ஊர்க்காரர்களே தொழில் செய்து பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சரக்கு லாரிகள் கழித்துப் போட்ட மரப்பெட்டிகள் அங்கே நாற்காலி ஆயின. துணி ஆலையில் மிஞ்சிய வெட்டுத்துணி, பையும் தலையணை உறையும் ஆனது. பின்பக்கம் ரொட்டி அடுப்பு.

நிறுவனம் அனுப்பிவைத்தவர்தான் மேடம். முதல் ஐந்து வருஷம் அவர் இல்லாமல் அங்கே ஓர் ஆணி இறங்காது. ஆர்டர் பிடிக்க அவர், மரம் தேடி அலைய அவர், சண்டை வந்தால் நாட்டாமையும் அவரே.

கடைசி ஒரு வருஷமாகத்தான் ஆளே மாறிப்போனார்.

“நான் அப்படி என்னம்மா தப்புப் பண்ணேன்?” மேடத்தின் குரலில் சூடு ஏறியது.

“ஒண்ணா ரெண்டா? ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தர்றதைப் பத்திப் பேச பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. நீங்க தலைவலின்னு படுத்துட்டீங்க. அந்தப் பெரிய டாக்டரம்மா முன்னாடி நான் தனியாப் போய் நின்னேன். என்ன விலை சொல்றதுன்னுகூடத் தெரியல.”

“ஆர்டர் கிடைச்சுதா இல்லையா?”

“கிடைச்சுது. அது என் தலையெழுத்து நல்லா இருந்ததால!”

தச்சருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. “மரப்பெட்டி தர்ற லாரி ஷெட்காரர் போன் நம்பரைத் தொலைச்சுட்டேன்னு சொன்னீங்க. நாலு நாள் உளியைத் தொடாம உட்கார்ந்திருந்தேன் மேடம். அப்புறம் நானே தேடிப் போய்ப் பேசினேன். எனக்கா பேசத் தெரியும்? உளறிக்கொட்டினேன். அந்த மனுஷன் சிரிச்சுட்டு, ‘வாரம் ஒரு லோடு எடுத்துக்கய்யா’ன்னுட்டாரு.”

“சரி, நான் போயிடறேன். நாளைக்கு உங்களுக்குள்ள சண்டை வந்தா யாருகிட்ட போய் நிப்பீங்க?”

“ஏன், வரலையா? இடத்துக்காக எனக்கும் ரொட்டிக்காரருக்கும் வந்துச்சே!” என்றாள் தையல்காரப் பெண். “உங்ககிட்டதான் ஓடி வந்தோம். ‘எனக்கு நேரமில்லை, கதவைச் சாத்திட்டுப் போங்க’ன்னு சொல்லிட்டீங்க. நாங்களே கத்தித் தீர்த்து, நாங்களே சுவத்துல கோடு போட்டு இடத்தைப் பிரிச்சுக்கிட்டோம்.”

“ஆலை திடீர்னு வெட்டுத்துணி கிடையாதுன்னு சொன்னா?”

“இன்னொரு ஆலையில பேசி வச்சிருக்கேன்.”

“புதுசா ஒருத்தர் வந்து கத்துக்கொடுங்கன்னு கேட்டா?”

“போன மாசமே ரெண்டு பேர் வந்து சேர்ந்தாச்சு. அதுகூடத் தெரியல உங்களுக்கு!”

மேடம் மேசை மேல் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். தையல்காரப் பெண் மேசையருகே வந்தாள்.

“மிஷின்ல நூல் கோக்கக்கூடத் தெரியாம வந்தவ நான். பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தது நீங்க. உங்க மேல புகார் எழுதறப்ப கை ஓடல. ஆனா பதினெட்டு வீட்டு அடுப்பு இதை நம்பி எரியுது மேடம். உங்களை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.”

“அவ்வளவு நல்லா நடத்தறவங்க நடத்துங்க,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மேடம் சாவியை மேசையில் வைத்தார். பையை மாட்டிக்கொண்டு, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்.

“ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாங்களா பாரு,” என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

பஸ் நிறுத்தம் வரும்வரை விறுவிறுவென்று நடந்தார். பிறகு மேலாபீசுக்குப் போன் போட்டார். எடுத்தது நிறுவனத் தலைவி.

“அக்கா, கடிதாசி வந்துச்சா?”

“படிச்சுட்டுத்தான் இருக்கேன். ‘பொறுப்பில்லாதவர்’னு மூணு இடத்துல எழுதியிருக்காங்க!” மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. “பிரமாதமா நடிச்சிருக்கே. போன ஊர்ல உன்னைத் துரத்தறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இவங்க ஒரே வருஷத்துல தேறிட்டாங்களே! கிளம்பறப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?”

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “சொன்னா போக விடமாட்டாங்கக்கா. அடுத்து எந்த ஊருன்னு சீக்கிரம் சொல்லுங்க, பஸ் வருது.”