வாசலில் நிற்பவளுக்கு ஒரு படம்

“ஏம்மா, என் திருமுழுக்குப் படத்துல எனக்கு மூஞ்சியே இல்ல?” என்று மகள் எப்போதோ கேட்டதை ஸ்மராந்தா இன்றும் மறக்கவில்லை. மரத்தால் கட்டிய தேவாலயத்தின் இருட்டில் அவள் காமிராவோடு நிற்கிறாள். குழந்தையின் தாய் அனூத்சா வாசலுக்கு வெளியே நிற்கிறாள். பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவள் உள்ளே வரக்கூடாது. “அவன் தண்ணியில முங்குறத நீதான்க்கா எனக்குக் காட்டணும்” என்று சொல்லியிருக்கிறாள். ஃபிளாஷ் போடப் பாதிரியார் விடமாட்டார். உள்ளங்கையில் இரண்டு லென்ஸ்கள். நீளமானது தூரத்திலிருந்தே முகத்தைப் பிடிக்கும், கை அசைவைச் சரிசெய்யும் வசதியும் அதில் உண்டு. ஆனால் வெளிச்சம் போதாமல், துள்ளுகிற குழந்தை படத்தில் மங்கலாகிவிடும். குட்டையானது இருட்டிலும் பார்க்கும்; ஆனால் கிட்டே போக வேண்டும்.

“சந்தையில ஆப்பிள் பொறுக்குறியாம்மா? தண்ணி ஆறுது” என்கிறார் பாதிரியார்.

குட்டையதை மாட்டிக்கொண்டு திருமுழுக்குத் தொட்டியருகே போகிறாள். மூன்று முறை முழுக்குவார்கள். முதல் முழுக்கில் படத்தில் நிழல்தான் விழுகிறது. இரண்டாவதில் பாதிரியாரின் தாடி மட்டும் தெளிவாக இருக்கிறது. இனி ஒன்றுதான் பாக்கி. “கர்த்தாவே” என்கிறாள், அதற்குமேல் அவளால் ஆவது எதுவுமில்லை. அப்போது குழந்தையின் முகத்தில் வெளிச்சம் ஏறுகிறது. அவள் அழுத்துகிறாள், வாய் பிளந்து அழும் முகம் அப்படியே பதிகிறது. எல்லோரும் குழந்தையையே பார்க்கிறார்கள். ஞானத்தாய் வேத்தா தன் பெரிய மெழுகுவர்த்தியைத் தொட்டியின்மேல் சாய்த்துப் பிடித்திருப்பதை ஸ்மராந்தாகூடப் பார்க்கவில்லை. போன குளிர்காலத்தில், வேத்தா கொஞ்சம் கண்ணயரட்டும் என்று, அவளுடைய நோயாளிக் கணவனுக்கு அருகில் வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்தவள் ஸ்மராந்தா. உருகிய மெழுகு வேத்தாவின் மணிக்கட்டில் சொட்டுகிறது. அவள் கையை அசைக்கவில்லை.